சுங்கை சிப்புட்டில் வாங்கிய ஸ்கௌட் ரெஜிமெண்ட் தொலைநோக்கி: ஒரு மதிப்புரை

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் படையின் ஸ்னைப்பர்களுக்கு (மறைந்திருந்து குறிவைத்துச் சுடும் வீரர்களுக்கு) வழங்கப்பட்ட ‘ஸ்கௌட் ரெஜிமெண்ட் மார்க் 2 எஸ்’ தொலைநோக்கி ஒன்றை மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பெக்கானில் (நகர்ப்பகுதியில்) உள்ள பழைய சாமான் கடையில் 650 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். பல வாரங்களாகக் காலையிலும் மாலையிலும் அதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். பழைய ஸ்னைப்பர் ரைஃபிள்களிலும் அவற்றின் மேல் பூட்டப்பட்ட குறிபார்க்கும் கண்ணாடிகளான ஸ்கோப்புகளிலும் ஈடுபாடு உள்ளவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் முதலில் வாங்க வேண்டிய பொருள் இந்தத் தொலைநோக்கிதான் என்பது என் முடிவு. இந்த நாட்டுச் சட்டம் அதற்கு ஒரு காரணம். அந்த வீரர்களின் வேலை எப்படிப்பட்டது என்பதைத் துப்பாக்கியைவிட இந்தப் பித்தளைக் குழாய் நன்றாக விளக்குகிறது என்பது இன்னொரு காரணம், அதுவே பெரிய காரணமும்கூட.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். ஆயுதச் சட்டம் 1960 உரிமம் இல்லாத துப்பாக்கிக்கு இடம் தருவதில்லை. துப்பாக்கியின் பாகங்களும் அதற்குள் அடங்கும், போலித் துப்பாக்கிகளுக்கும் அதில் தடை உண்டு. 1971ஆம் ஆண்டின் சுடுகருவிகள் தொடர்பான கடுந்தண்டனைச் சட்டம் எவ்வளவு கடுமையானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ உள்ள சேகரிப்பாளர்களைப் போல 1943ஆம் ஆண்டுத் துப்பாக்கியை வீட்டுச் சுவரில் மாட்டிவைக்கும் ஆசை நமக்குக் கைகூடாது. ஸ்கோப்பை மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்று நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்பே மாவட்டக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. கையில் பிடித்துப் பார்க்கும் தொலைநோக்கிக்கு இந்தத் தொல்லை கிடையாது.

பொருளைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொள்ளும் மூன்று இழுப்புக் குழாய்கள் கொண்ட பித்தளைத் தொலைநோக்கி இது. மூடினால் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். முழுதாக இழுத்தால் முக்கால் மீட்டரைத் தொடும். முன் வில்லையின் விட்டம் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர், உருப்பெருக்கம் 20 மடங்கு. வெளிக்குழாயைச் சுற்றித் தோல் போர்த்தித் தைத்திருக்கிறார்கள். முன் வில்லைக்கு மேல் நழுவி வரும் வெயில்மறைப்புக் குழல் ஒன்றும், கண் வைக்கும் பக்கத்தில் தூசி புகாமல் மூடும் சிறு தகடு ஒன்றும் உண்டு. பிரிட்டிஷ் அரசுடைமையைக் குறிக்கும் அம்புக்குறியும் ‘ஓ.எஸ். 126 ஜி.ஏ.’ என்ற பட்டியல் எண்ணும் உலோகத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். வெயில்மறைப்பை வெறும் அலங்காரம் என்று எண்ணிவிட வேண்டாம். எதிரே சூரியன் இருக்கும்போது முன் வில்லை பளிச்சிட்டால், பார்ப்பவன் பதுங்கியிருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். ஸ்னைப்பர் உயிரோடு திரும்புவது அந்தச் சிறு குழலைப் பொறுத்தும் இருந்தது.

பிரிட்டிஷ் படையில் ஸ்னைப்பர்கள் பெரும்பாலும் இருவராகவே இயங்கினார்கள். ஒருவர் துப்பாக்கியோடும் மற்றவர் தொலைநோக்கியோடும் இருப்பார்கள். கண் சோர்வதால் வேலையை மாற்றி மாற்றிச் செய்வார்கள். நம்பர் 4 (டி) என்ற ஸ்னைப்பர் ரைஃபிளுக்கு வகுக்கப்பட்ட முழு உபகரணத் தொகுதியிலேயே இந்தத் தொலைநோக்கியும் ஓர் உறுப்பாக இருந்தது. இதன் பின்னால் ஒரு நீண்ட மரபு இருக்கிறது. 1900இல் லோவட் பிரபு ஸ்காட்லாந்து மலைநாட்டில் மான் வேட்டைக்கு வழிகாட்டிய ஆட்களைத் திரட்டி லோவட் ஸ்கௌட்ஸ் என்ற படைப்பிரிவை அமைத்தார். தொலைநோக்கியைக் கொண்டு மலைச்சரிவைத் துருவிப் பார்ப்பதே அவர்களின் பிழைப்பாக இருந்தது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரி ஹெஸ்கத்-பிரிச்சர்ட் 1916இல் பிரான்சின் லிங்கம் என்ற ஊரில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியின் பெயரில் மறைந்து சுடுதலுக்குப் பக்கத்திலேயே கூர்ந்து நோக்குதலும் வேவு பார்த்தலும் இடம்பெற்றிருந்தன. எதிரியின் காவல் எப்போது மாறுகிறது, எந்தப் பதுங்கு குழியிலிருந்து புகை எழுகிறது, நேற்று இல்லாத மண்மேடு இன்று எப்படி வந்தது என்பவற்றைக் குறித்துவைத்துத் தலைமையகத்துக்கு அனுப்புவதில்தான் அவர்களின் பெரும்பொழுது கழிந்தது. ஒரு நாளில் துப்பாக்கி ஒருமுறைகூட வெடிக்காமல் போகலாம். தொலைநோக்கி நாள் முழுவதும் கண்ணில் இருக்கும்.

இந்த வேலைப் பங்கீட்டைப் புரிந்துகொண்டால்தான் அக்காலத்து ஸ்கோப்புகள் ஏன் அவ்வளவு எளிமையாக இருந்தன என்பது விளங்கும். நம்பர் 4 (டி) ரைஃபிளில் பூட்டப்பட்ட நம்பர் 32 ஸ்கோப்பின் உருப்பெருக்கம் மூன்று மடங்குதான். இன்று வேட்டைக்காரர்கள் பன்னிரண்டு, இருபது மடங்கு என்று பேசுவதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை இருபது மடங்குத் தொலைநோக்கி செய்துவிடுவதால், ஸ்கோப்புக்குத் தேவைப்பட்டவை அகன்ற பார்வைப் புலமும் நல்ல வெளிச்சமும் அடி தாங்கும் உறுதியும் மட்டுமே. அதன் பார்வைப் புலம் ஒன்பது பாகை. பத்தொன்பது மில்லிமீட்டர் முன் வில்லையை மூன்றால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றை ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக இருக்கும். அந்தி மங்கலில் விரிந்த கண்பாவைக்கு அது போதுமான அளவு. முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காகத் திட்டமிடப்பட்ட ஸ்கோப் என்பதால், அதன் கட்டுமானமும் கனமாகவே இருந்தது.

நம்பர் 32இல் பார்வைக்குள் தெரிவது, கீழிருந்து எழும் ஒரு தூணும் குறுக்கே ஓடும் ஒரு கம்பியும்தான். மேலே உள்ள உருளையைத் திருப்பித் தூரத்தை 1000 கெஜம் வரை அமைக்கலாம். பக்கத்து உருளை காற்றுக்கு ஈடுகொடுக்க உதவும். திருப்பும்போது குறிக்கம்பியே இடம் நகர்வதால், தூரம் கூடக் கூட அது பார்வையின் நடுவை விட்டு விலகும். முதல் வகையில் உருளையைத் திருப்பும் படிகள் பெரியவையாக இருந்தன. இரண்டாம் வகையில் அவை நுண்மையாக்கப்பட்டன. துப்பாக்கியோடு ஸ்கோப்பைச் சரிசெய்யத் தனிக் கருவி தேவைப்பட்ட தொல்லை மூன்றாம் வகையில் நீங்கியது. லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் நன்றாகச் சுடும் நம்பர் 4 ரைஃபிள்களைத் தேர்ந்தெடுத்து, 1942 முதல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை ஸ்னைப்பர் ரைஃபிள்களாக மாற்றியது. கன்னம் பதியும்படி மரத்துண்டு ஒன்றைத் துப்பாக்கியின் பின்கட்டை மேல் திருகினார்கள். இடப்பக்கத்தில் இரண்டு பெரிய திருகுகளால் கழற்றி மாட்டும் தாங்கியைப் பொருத்தினார்கள். எந்த ஸ்கோப் எந்தத் துப்பாக்கிக்கு உரியது என்பதை மறக்காதபடி ஸ்கோப்பின் எண்ணைத் துப்பாக்கியின் மரத்திலேயே பொறித்தார்கள். இன்று ஏலங்களில் இந்த இரண்டு எண்களும் ஒத்திருந்தால் விலை ஏறுவதும், ஒத்திராவிட்டால் சரிவதும் இதனால்தான். இதே வடிவமைப்பு பின்னர் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றப்பட்டு எல்42ஏ1 என்ற பெயரில் 1970 முதல் மீண்டும் பணிக்கு வந்தது என்பதே அதன் தரத்துக்குச் சான்று.

மற்ற நாடுகளும் ஏறக்குறைய இதே அளவோடுதான் நின்றன. சோவியத் படையின் மோசின்-நாகன்ட் ரைஃபிளில் இருந்த பி.யூ. ஸ்கோப் 3.5 மடங்கு, அமெரிக்காவின் எம்1903ஏ4 ரைஃபிளில் இருந்த வீவர் ஸ்கோப் ஏறத்தாழ 2.5 மடங்கு. ஜெர்மானியரின் செட்.எஃப்.41 வெறும் 1.5 மடங்கு, அது கண்ணிலிருந்து வெகுதூரம் முன்னால் பூட்டப்பட்டதால் ஊசித்துளை வழியே பார்ப்பது போன்ற குறை இருந்தது, வீரர்கள் அதை விரும்பவும் இல்லை. விதிவிலக்காக அமெரிக்க மரைன் படையினர் எட்டு மடங்கு கொண்ட உனர்ட்டல் ஸ்கோப்பைப் பயன்படுத்தினார்கள். ஃபின்லாந்தின் சிமோ ஹைஹா 1939-40இல் சோவியத் படைக்கு எதிரான குளிர்காலப் போரில் ஸ்கோப்பே இல்லாமல் இரும்புக் குறியைக் கொண்டு சுட்டவர். ஸ்கோப் இருந்தால் தலையை உயர்த்த வேண்டியிருக்கும், குளிரில் கண்ணாடியும் மங்கிவிடும் என்பது அவர் கணக்கு.

நம் பேராக்கின் மண்ணுக்கு நெருக்கமானது ஜப்பானியரின் வகை 97. ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8இல் கோத்தா பாருவில் இறங்கி, ஆண்டிறுதியில் கம்பாரிலும் 1942 ஜனவரி 7இல் சிலிம் ரிவரிலும் போரிட்டது எல்லோரும் அறிந்தது. அப்படையின் 6.5 மில்லிமீட்டர் வகை 97 ரைஃபிளில் 2.5 மடங்கு ஸ்கோப் இடப்பக்கம் சற்று விலகிப் பூட்டப்பட்டிருந்தது. மேலிருந்து தோட்டாக் கோவையைச் செருகுவதற்கு வழி விட வேண்டும் என்பதே அந்த விலகலுக்குக் காரணம். அந்த ஸ்கோப்பில் திருப்பும் உருளையே கிடையாது; தொழிற்சாலையில் ஒருமுறை சரிசெய்ததோடு சரி. தூரத்துக்கும் காற்றுக்கும் ஏற்பக் கண்ணாடியில் வரைந்த கோடுகளைப் பார்த்து வீரனே மனத்தால் ஈடுசெய்ய வேண்டும். இதை மட்டமான பொருள் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. திருகுவதற்கு எதுவும் இல்லாத பொருளில் மழைக்காட்டின் ஈரம் புகுந்து கெடுப்பதற்கும் வழி குறைவு என்பதால் நான் அப்படி எண்ணவில்லை.

இனி என் தொலைநோக்கிக்கு வருகிறேன். செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, சுண்ணாம்புக் குன்றுகளை நோக்கிக் காலை ஏழரை மணிக்கு இதைத் திருப்பினால், பார்வையின் நடுப்பகுதியில் கிடைக்கும் துல்லியம் எண்பது வயதைக் கடந்த பொருளுக்கு வியப்பூட்டுவது. குன்றின் முகத்தில் வேர்விட்ட செடிகளின் இலைகளைப் பிரித்துப் பார்க்க முடிகிறது. எடைமேடையில் காத்து நிற்கும் செம்பனைக் குலை லோரியின் எண் தகட்டைப் பாதி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தயக்கமின்றிப் படித்தேன். ஓரங்களில் படம் சற்றே மென்மையாகிறது. வெண்மையான பொருள்களின் விளிம்பில் மெல்லிய நீலம் தெரிகிறது. பார்வைப் புலம் மிகவும் குறுகியது என்பதால், பறந்து செல்லும் செம்பருந்தைப் பின்தொடர முயல்பவர்கள் பொறுமையிழப்பார்கள். குவியத்தைச் சரிசெய்யத் திருகு எதுவும் இல்லை. கண் பக்கத்துக் குழாயை முறுக்கியபடி மெல்ல இழுத்துச் சரிசெய்ய வேண்டும். அது கை பழகும் வரை எரிச்சலூட்டும்.

இருபது மடங்கில் கைநடுக்கமும் இருபது மடங்காகிறது. நின்றபடி பிடித்துப் பார்த்தால் எதுவும் தெரியாது. மான் வேட்டை வழிகாட்டிகள் மல்லாந்து சாய்ந்து, ஒரு முழங்காலை மடக்கி, அதன் பக்கவாட்டில் குழாயைச் சாய்த்துப் பார்ப்பார்கள். அதை நானும் செய்து பார்த்தேன். அவ்வழியே போன தோட்டத்து மக்கள் என்ன நினைத்தார்கள் என்பது வேறு செய்தி, ஆனால் படம் அசையாமல் நின்றது. வேலிக்கம்பத்தின் மேல் மடித்த துண்டை வைத்து அதன்மேல் சாய்ப்பதும் நன்றாகவே உதவுகிறது.

பத்து மணிக்கு மேல் நிலைமை மாறுகிறது. வெயில் ஏறியதும் செம்மண் பாதையிலிருந்து கானல் எழுந்து, தொலைவில் உள்ள எல்லாவற்றையும் நெளியச் செய்கிறது; எண் தகட்டை அப்போது படிக்க முடியாது. சாதாரணமாகப் பார்ப்பவருக்கு இது குறை. ஸ்னைப்பர் இணைக்கோ இதுவே ஒரு கருவி. இலக்கைவிடச் சற்று முன்னால் குவியத்தை வைத்தால், கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது தெரியும். அதிலிருந்து காற்றின் திசையையும் வேகத்தையும் மதித்து, துப்பாக்கி வைத்திருப்பவரிடம் எவ்வளவு விலக்கிக் குறிவைக்க வேண்டும் என்று சொல்வார்கள். கானல் நேராக மேலெழுந்தால் காற்று ஓய்ந்திருக்கிறது, அல்லது பார்வைக் கோட்டின் வழியாகவே வீசுகிறது என்று பொருள். இதைத் தோட்டப் பாதையில் நானே கண்டேன்: மரநிழலில் ஓர் இலைகூட அசையவில்லை, பாதையின் மேலோ கானல் வலமாகத் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மடங்கு ஸ்கோப்பில் இந்த நுட்பம் கிட்டாது.

மாலையில்தான் இந்தத் தொலைநோக்கி தோற்றுப்போகிறது. செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்கக் கம்பத்தின் மேல் ஆந்தைக் கூண்டு வைப்பது வழக்கம். பகல் வெளிச்சத்தில் அந்தக் கூண்டின் பலகையில் உள்ள ஆணித் தலைகள்கூடத் தெரிகின்றன. ஆந்தை வெளியே வரும் நேரத்தில் கூண்டு கறுப்புக் கட்டியாகிவிடுகிறது. ஐம்பதை இருபதால் வகுத்தால் இரண்டரை மில்லிமீட்டர் ஒளிக்கற்றைதான் கண்ணுக்கு வருகிறது. அத்தோடு, முன்னால் இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த வில்லையும், தலைகீழ்ப் படத்தை நிமிர்த்தும் வில்லைகளும், கண்ணருகு வில்லைகளுமாக ஒளி கடந்து வரும் கண்ணாடிப் பரப்புகள் பத்து. என்னிடம் உள்ளதில் வில்லைகளுக்குப் பூச்சு இல்லை. பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு ஒளியைத் திருப்பிவிடும் என்பதால், உள்ளே நுழைந்த ஒளியில் மூன்றில் இரண்டு பங்குதான் கண்ணை அடைகிறது. அந்த இழப்பைத் தவிர்க்கும் பூச்சை ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் ஸ்மகுலா 1935இலேயே உருவாக்கியிருந்தார். அந்தியில் தேடுவதை விட்டுவிட்டு, ஆறு மில்லிமீட்டர் ஒளிக்கற்றை தரும் ஸ்கோப்புக்கே ஸ்னைப்பர் இணை மாறியிருக்கும் என்பது இப்போது எனக்கு நன்றாகப் புரிகிறது.

வாங்க நினைப்பவர்கள் கண்ணாடியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். கைப்பேசி விளக்கை முன் வில்லையின் வழியே அடித்து, மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போன்ற கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் அது விரைவில் கண்ணாடியையே அரித்துவிடும், துடைத்தாலும் வடு போகாது. முன் வில்லையின் ஓரத்தில் வானவில் நிறமோ மஞ்சள் திட்டோ இருந்தால், இரண்டு கண்ணாடிகளையும் ஒட்டிய கனடா பால்சம் பிசின் விடத் தொடங்கிவிட்டது என்று பொருள். என்னுடையதில் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு அப்படி ஒரு திட்டு இருக்கிறது. படத்தைக் கெடுக்கவில்லை, ஆனால் விலையைக் குறைக்கப் பயன்பட்டது. இழுப்புக் குழாய்களில் நசுங்கல் இருந்தால் வாங்காதீர்கள். நசுங்கிய குழாய் மற்றதைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு தோல் உறைக்குள்ளேயே அடைத்து வைக்க வேண்டாம், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு இறுக மூடும் டப்பாவில் வைப்பது போதும். பளபளப்பு வரட்டும் என்று பூசையறைக் குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். படைக்குரிய குழாய்கள் மினுங்காமல் இருக்க வேண்டும் என்றே கருமையாக்கப்பட்டவை. அந்தக் கருமை போனால் பொருளின் மதிப்பில் பாதி போய்விடும்.

போலிகளைப் பற்றியும் ஒரு சொல். அலங்காரப் பொருளாக இந்தியாவில் செய்யப்படும் பித்தளைத் தொலைநோக்கிகள் லண்டன் நிறுவனப் பெயரும் முதல் உலகப் போர்க் கால ஆண்டும் பொறிக்கப்பட்டு இங்கும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம்: எழுத்துகள் பெரிதாகவும் ஆழமாகவும் விளம்பரம் போல இருக்கும், பித்தளை மஞ்சளாக மின்னும், வழியே பார்த்தால் பார்வையின் நடுவில்கூட வண்ணச் சிதறல் அடிக்கும். உண்மையான படைப் பொருளில் பொறிப்பு சிறியது, சிக்கனமானது.

கடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பழைய தையல் இயந்திரங்கள், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்திகள், பெட்ரோமாக்ஸ் விளக்குகள் ஆகியவற்றுக்கு நடுவே இது கிடந்தது. தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்தான் கடையை நடத்துகிறார். பொருளை வாசலுக்கு எடுத்துச்சென்று வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சோதிக்க விட்டார், பேரத்திலும் முகம் சுளிக்கவில்லை. “தம்பி, இது கம்யூனிஸ்ட் காலத்துல துரை பங்களாவுல இருந்தது” என்றார். மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் 1948 ஜூன் 16இல் சுட்டுக் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம் தொடங்கக் காரணமாக இருந்த ஊர் இது. இங்கே படைப் பொருள் எதைத் தொட்டாலும் கதை அந்த ஆண்டுக்குப் போய்விடும். அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆனால் பொருளில் அதற்கான அடையாளம் ஏதும் இல்லாததால், கதைக்கென்று நான் கூடுதலாக ஒரு ரிங்கிட்டும் கொடுக்கவில்லை. இது ஸ்னைப்பர் ஒருவரின் கையில் இருந்ததா என்பதற்கும் சான்று இல்லை. இதே வகை ஸ்னைப்பர்களுக்கு அப்பாலும் படையில் பரவலாகப் புழங்கியது. காட்டுக்குள் சில பத்து மீட்டருக்கு மேல் கண் எட்டாத அந்த அவசரகாலப் போரில், நீளமான ஸ்னைப்பர் ரைஃபிளைவிடக் குறுகிய நம்பர் 5 ரைஃபிளுக்கே வேலை அதிகம் இருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பறவை பார்ப்பதற்காக மட்டும் 650 ரிங்கிட் செலவிட எண்ணுபவர்கள் இதை வாங்க வேண்டாம். அதே பணத்துக்குக் கிடைக்கும் புதிய தொலைநோக்கி இன்னும் வெளிச்சமான படத்தைத் தரும், முக்காலியில் நிற்கும், மழைக்கும் அஞ்சாது. பழைய ஸ்னைப்பர் கருவிகளைப் படித்தும் படங்களில் பார்த்தும் மட்டுமே அறிந்தவர்கள், கண்ணாடி சுத்தமாக இருந்தால், இந்த விலைக்குத் தயங்காமல் வாங்கலாம். தோல் மூடிகளும் தோள்வாரும் சேர்ந்து கிடைத்தால் இன்னும் நூறு ரிங்கிட் வரை கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. எனக்குக் கிடைத்ததில் வார் இல்லை. அதைப் பெக்கானில் செருப்புத் தைப்பவரிடம் புதிதாகச் செய்யக் கொடுத்திருக்கிறேன்.